கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் சம்பளம் கட் ஆகுமா? சட்டம் சொல்வதும், சொல்லாமல் விட்டதும்

வேளச்சேரி ரயில் நிலையம் அருகே ஒரு செயின் பறிப்பு. அதை நேரில் பார்த்த ஐ.டி. ஊழியர் ஒருவர் போலீஸாரிடம் வாக்குமூலம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வேறு கம்பெனி மாறி கோயம்புத்தூரில் இருக்கிறார். திடீரென ஒரு சம்மன் வருகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்கு சென்னை கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.

ஆபீஸில் சொன்னால் லீவ் கொடுப்பாங்களா? கொடுத்தாலும் சம்பளம் பிடிப்பாங்களா? அவருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்.

சுருக்கமான பதில்: கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஆனால், போன நாளுக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

சம்மனை கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

2024 ஜூலை 1 முதல் குற்ற வழக்குகளுக்கு பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. இதன்படி சாட்சிக்கான சம்மனைப் பதிவுத் தபாலிலோ மின்னணு முறையிலோ அனுப்பலாம்.

சம்மன் கிடைத்தும் நியாயமான காரணம் இல்லாமல் வராவிட்டால், பிரிவு 389-ன்படி அந்த நீதிமன்றமே சுருக்கமாக விசாரித்து 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். தனி வழக்காகப் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 208 இன்னும் கடுமையானது. வேண்டுமென்றே கோர்ட் உத்தரவை மதிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாட்சிக்கு எதிராக வாரன்ட் பிறப்பிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 'ஆபீஸில் லீவ் தரலை' என்பது கோர்ட்டில் எடுபடும் காரணம் அல்ல.

அப்போ லீவ் சட்டங்கள் என்ன சொல்கின்றன?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் கேஷுவல் லீவும் சம்பளத்தோடு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் மேலும் 12 நாள் விடுமுறை. இதில் எங்கும் 'சாட்சி' என்ற வார்த்தை இல்லை. ஆனால், கேஷுவல் லீவை 'நியாயமான எந்தக் காரணத்துக்கும்' எடுக்கலாம் என்கிறது சட்டம். கோர்ட் சம்மனை விட நியாயமான காரணம் இருக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், அது ஊழியரின் சொந்தக் கணக்கில் இருந்து கழியும் லீவ். அந்தக் கணக்கு ஏற்கெனவே காலியாக இருந்தால் 'லாஸ் ஆஃப் பே' தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவும் செய்யாது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் சாட்சிக்கென்று தனி விடுப்பு இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் ஹெச்.ஆர். பாலிசியில் 'கோர்ட் லீவ்' வைத்திருக்கலாம். அது அந்த நிறுவனத்தின் விருப்பம் மட்டுமே.

தினக்கூலிக்கும் டெலிவரி வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்தக் கேஷுவல் லீவும் கிடையாது. வேலைக்குப் போகாத நாள், வருமானம் இல்லாத நாள்.

அரசு ஊழியர்களுக்கு மட்டும் எப்படி?

அரசு ஊழியர் தன் பணி தொடர்பான விஷயத்தில் சாட்சி சொல்லப் போனால் அது பணி நாளாகவே கணக்கிடப்படும். பயணப்படியும் உண்டு. தன் சொந்த நலன் சம்பந்தப்படாத வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டால் சிறப்பு தற்செயல் விடுப்பு வழங்க விதிகள் இருக்கின்றன. வழக்கமான லீவ் கணக்கில் கை வைக்க வேண்டியதில்லை.

இந்த விடுப்பு விதியில் ஒரு சுவாரசியம் உண்டு. 'ஜூரராக அழைக்கப்பட்டால்' என்ற வார்த்தையும் அதில் சேர்ந்தே வருகிறது. பொதுமக்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தீர்ப்பு சொல்ல வைக்கும் ஜூரி முறை ஒருகாலத்தில் இந்தியாவிலும் இருந்தது. 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கில் 8-க்கு 1 என்ற கணக்கில் ஜூரி 'குற்றவாளி அல்ல' என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை விதிக்கப்பட்டது. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

குடிமகனை கோர்ட் அழைத்தால் அவருடைய வருமானம் கெடக்கூடாது என்ற எண்ணம் புதிதல்ல என்பதை இந்த விதி காட்டுகிறது. அது அரசு அலுவலக வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டே பணம் தராதா?

சிவில் வழக்கு என்றால் ஓரளவு தெளிவு உண்டு. சாட்சியை அழைக்கும் தரப்பு, அவருடைய பயணச் செலவையும் ஒரு நாள் ஆஜராவதற்கான செலவையும் முன்கூட்டியே கோர்ட்டில் கட்ட வேண்டும்.

குற்ற வழக்கில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 350 இருக்கிறது. சாட்சியின் நியாயமான செலவுகளை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கவனிக்க: 'உத்தரவிடலாம்' என்றுதான் இருக்கிறது, 'உத்தரவிட வேண்டும்' என்று இல்லை. மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையும் உண்டு. பேச்சுவழக்கில் 'பேட்டா' என்று சொல்லப்படும் இந்தத் தொகை பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகலாம். இழந்த ஒரு நாள் சம்பளத்தை ஈடுகட்டும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை.

ஒரே நாளில் முடிந்துவிடுமா?

உண்மையான பாரம் இங்கேதான். காலையில் இருந்து வராண்டாவில் காத்திருந்து, கடைசியில் 'வாய்தா' என்று கேட்டுவிட்டுத் திரும்புவது பலருக்கும் பழகிப்போன அனுபவம். 2000-ம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை வேதனையோடு பதிவு செய்தது. தூரத்தில் இருந்து வரும் சாட்சி பலமுறை அலைக்கழிக்கப்படுகிறார், உட்காரக்கூட சரியான வசதி இல்லை, அவர் சோர்ந்து போகும் வரை வாய்தா வாங்குவது வழக்கமாகிவிட்டது என்று சுட்டிக்காட்டியது. சாட்சிப் படியை உடனே தர வேண்டும், ஒத்திவைக்கப்பட்ட நாட்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் சொன்னது.

சட்டப்படி பார்த்தால், சாட்சி வந்திருக்கும்போது எழுத்துபூர்வமான சிறப்புக் காரணம் இல்லாமல் அவரை விசாரிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 346, தரப்பினர் கேட்கும் வாய்தாக்களுக்கு இரண்டு என்ற வரம்பும் வைக்கிறது. வாய்தா கேட்பவரைச் செலவுத்தொகை கட்டச் சொல்லவும் முடியும். இவை ஒழுங்காக நடந்தால் சாட்சிக்கு ஒரு நாள் லீவே போதும்.

மற்ற நாடுகளில்?

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் ஜூரருக்கு நாளொன்றுக்கு 50 டாலர், சாட்சிக்கு 40 டாலர் தரப்படுகிறது. ஃபெடரல் ஜூரி பணிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தரும்படி தனியார் நிறுவனங்களை ஃபெடரல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஜூரி பணியின் முதல் 3 நாட்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும். அதன் பிறகு மாகாண அரசு தொகை தருகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூரி பணியின் முதல் 10 நாட்களுக்கு, அரசு தரும் தொகைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலாளி ஈடுகட்டுகிறார்.

செலவை முதலாளியும் அரசும் பங்கிட்டுக்கொள்ள வழி இருக்கிறது என்பதே இவை காட்டுவது. 'சின்ன கம்பெனிகள் தாங்காது' என்ற வாதத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

ஓட்டுப் போட உண்டு, சாட்சி சொல்ல இல்லை

இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தனியார் ஊழியர்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. அன்று வேலைக்கு வராவிட்டால் சம்பளம் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கும் சம்பளம் தர வேண்டும். மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம்.

வாக்களிப்பது நம் நாட்டில் கட்டாயமில்லை. அதற்குச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. சாட்சி சொல்வது கட்டாயம், மறுத்தால் தண்டனை. அதற்கு அப்படி ஒரு விடுமுறை இல்லை.

இதன் விலையை ஊழியர் மட்டும் கொடுப்பதில்லை. இரண்டு, மூன்று முறை சம்பளத்தை இழந்தவர் நான்காவது முறை வரத் தயங்குவார். அடுத்த முறை ஒரு குற்றத்தைப் பார்த்தால், 'நமக்கு எதுக்கு வம்பு' என்று நகர்ந்துவிடுவார். சாட்சி வராத வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு நீதி தள்ளிப்போகிறது. தப்பாகச் சிக்கவைக்கப்பட்டவர் வெளியே வருவதும் தள்ளிப்போகிறது. மிரட்டலுக்கு ஆளாகும் சாட்சிகளுக்காக, உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மிரட்டல் இல்லாத சாதாரண சாட்சியின் ஒரு நாள் கூலியைப் பற்றித்தான் இன்னும் பேச்சில்லை.

சம்மன் வந்தால் என்ன செய்யலாம்?

* சம்மன் நகலை இணைத்து ஹெச்.ஆருக்கும் மேலாளருக்கும் உடனே மெயில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்வது போதாது.
* நிறுவனத்தின் பாலிசியில் கோர்ட் லீவ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'ஆன் டியூட்டி'யாகக் கருதும்படி கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் கேஷுவல் லீவ்.
* கோர்ட்டில் ஆஜரானதற்கான சான்று கேட்டு வாங்குங்கள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டாலும் வாங்குங்கள்.
* பயணச் செலவுக்கான டிக்கெட், ரசீதுகளை வைத்திருந்து, படி கோரும் விவரத்தை அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.
* வெளியூரில் இருந்தால் வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் சாட்சியம் அளிக்க அனுமதி கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். அதற்கு இடம் தருகிறது. முடிவு நீதிமன்றத்தின் கையில்.
* அந்தத் தேதியில் உண்மையிலேயே வர முடியாது என்றால் முன்கூட்டியே கோர்ட்டுக்குத் தெரிவியுங்கள். சும்மா இருந்துவிட வேண்டாம்.

நிறுவனம் 'போகவே கூடாது' என்று தடுத்தால் அது வேறு விஷயம். நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். ஆனால் 'போய்ட்டு வாங்க, சம்பளம் மட்டும் கிடையாது' என்று சொல்லும் நிறுவனத்தை, இன்றைய சட்டம் எதுவும் கேட்பதில்லை.