கோடுகள் வந்தனவா?

சென்ற திங்களில் நம் இல்லத்தில் ஒரு குடிபெயர்ப்பு நடந்தது. வண்டி பிடிக்கவில்லை, பெட்டி கட்டவில்லை, பால் காய்ச்சவும் இல்லை. நம் தமையனாரின் மின்னூல்கள் அறுநூற்றுச் சொச்சம், பழைய கருவியொன்றினின்று புதிய கருவிக்கு இடம் பெயர்ந்தன. ஒரு மாலைப் பொழுதில் முடியுமென எண்ணிய அவ்வேலை மூன்று வாரங்களை விழுங்கிற்று. இன்று பல இல்லங்களில் முதியோர் கையிலும் மாணவர் கையிலும் இக்கருவி இருத்தலால், நாம் பட்ட பாட்டை வாசகரிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தமையனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 78. அச்சு நூல்களின் பொடியெழுத்து அவர் கண்ணுக்கு ஒத்துவராமற் போகவே, 11 ஆண்டுகளுக்கு முன் அவர்தம் மக்கள் மின்னூற் கருவி ஒன்றை வாங்கித் தந்தனர். "இந்தச் சிலேட்டில் நான் என்ன எழுதிப் பழகுவது?" என்று எள்ளியவர், ஆறே மாதத்தில் அதனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கலானார். எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கலாம்; கண் கூசுவதில்லை. இதன் திரையில் மயிரிழைப் பருமனேயுள்ள நுண்ணுறைகளுக்குள் கருந்துகளும் வெண்துகளும் மிதக்கின்றன. மின்விசை அவற்றை மேலும் கீழுமாக நகர்த்தி எழுத்தாக்குகிறது. பக்கம் மாறும்போதுதான் பெரிதும் மின்சாரம் செலவாகுமாதலால், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்கும்.

வரியின்மேல் விரலை இழுத்தால் அது சாயமேறி நிற்கும். வேண்டுமாயின் அருகே குறிப்பும் எழுதலாம். பள்ளிக்கூடத்து நூலில் கோடிட்ட மாணவனின் காதைத் திருகிய அதே ஆசிரியர், இக்கருவியில் கோடிடாத பக்கமே இல்லையெனுமளவுக்குக் கோடிட்டு வந்தார். (காது திருகப்பட்டவருள் நாமும் ஒருவர்.)

இவ்வாண்டு அக்கருவிக்குத் தளர்ச்சி கண்டது. மின்னேற்றும் துளை ஆட்டங்கண்டது. கம்பியை ஒரு கோணத்தில் பிடித்து ரப்பர் வளையம் கட்டினால்தான் உயிர் வரும். பேரன் பெரிய திரையுடைய புதியதொன்றை வாங்கி வந்து, அன்று மாலையே நூல்கள் அனைத்தையும் மாற்றி முடித்தான். "எல்லாப் புத்தகமும் வந்துவிட்டது, தாத்தா" என்று கையில் கொடுத்தான். அவர் முதலில் திறந்தது 1879ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. நாலைந்து பக்கம் புரட்டினார்.

"என் கோடுகள் வந்தனவா?" என்றார்.

வரவில்லை. பக்கங்கள் கழுவி வைத்த தட்டுப்போல் இருந்தன. "நல்ல புத்தகந்தான் அப்பா. ஆனால் இதை யாரும் படித்ததாகத் தெரியவில்லையே" என்று சொல்லி, புதியதை உறையிலிட்டு வைத்துவிட்டுப் பழையதைத் தேடினார். பேரனோ அப்போதுதான் பழையதிலுள்ள அனைத்தையும் அழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தர ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். "உறுதியாக அழிக்கலாமா?" என்று திரை கேட்டுக்கொண்டிருந்த வேளையில் நாம் அவன் கையைப் பற்றினோம். அந்த ஒரு தொடுகையில் 11 ஆண்டு வாசிப்பு மறைந்திருக்கும்.

கோடுகள் ஏன் வரவில்லை? பலரும் எண்ணுவதுபோல் கோடு நூலின்மேல் இடப்படுவதன்று. நூல் ஒரு கோப்பு. கோடுகள் வேறொரு கோப்பு. இன்ன நூலில் இத்தனையாவது இடத்தில் தொடங்கி இத்தனையாவது இடத்தில் முடிகிறது என்று மட்டும் கருவி தனியே கணக்கெழுதி வைக்கிறது. காகித நூலில் பக்க எண் நிலையானது. மின்னூலிலோ எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறிவிடும். ஆதலின் இவ்விட எண்ணே அதற்கு ஆதாரம். நூலை ஒரு வடிவத்தினின்று மற்றொரு வடிவத்திற்கு மாற்றும்போது இவ்வெண்கள் பொருளிழந்து போகின்றன. தெருவின் கதவெண்களையெல்லாம் ஒரே இரவில் மாற்றிவிட்டால் அஞ்சற்காரர் என்ன செய்வார்?

இத்துயர் நம் தமையனாருக்கு மட்டும் வந்ததன்று. 2009ஆம் ஆண்டு சூலைத் திங்களில், விற்பனை உரிமையற்ற ஒருவர் கடையில் சேர்த்திருந்தார் என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை அமேசான் நிறுவனம் வாங்கியோரின் கிண்டில் கருவிகளினின்று தானே நீக்கிற்று. பணம் திரும்பக் கிடைத்தது. ஆயினும் அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பள்ளிப் பாடத்திற்காக அவர் எழுதிய குறிப்புகள் அழியவில்லை; குறிப்புகள் மட்டுமே எஞ்சின. எந்தப் பத்தியைச் சுட்டி எழுதினாரோ அப்பத்தி இல்லாதபோது, இதை நினைவில் கொள்க என்ற குறிப்பால் யாது பயன்? அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து, நூலைக் குறிப்புகளோடு மீட்டுத் தரவோ 30 டாலர் தரவோ முன்வந்தது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூற் கடையை மூடியபோது வாங்கியவர் அனைவருக்கும் முழுவிலையையும் திருப்பித் தந்தது. நூலில் கோடோ குறிப்போ இட்டிருந்தவருக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது. ஒருவர் கோட்டிற்கு வணிகர் விலை குறித்ததை நாம் கேள்வியுற்றது இதுவே முதன்முறை. ஒரு கோடாயினும் ஓராயிரம் கோடாயினும் 25 டாலர்தான்.

கடைகள் மூடப்படுவதும் கைமாறுவதும் இத்தொழிலில் புதிதன்று. சோனி நிறுவனம் 2014இல் வட அமெரிக்காவில் தன் மின்னூற் கடையை மூடி வாடிக்கையாளரைக் கோபோவுக்கு அனுப்பிற்று. பிரிட்டனில் நூக் கருவியாளர் 2016இல் விலகியபோது அவர்தம் வாசகர் செயின்ஸ்பரி கடைக்கும், அக்கடையும் அதே ஆண்டில் இவ்வணிகத்தை விட்டபோது கோபோவுக்கும் சென்றனர். ஓராண்டில் இருமுறை வீடு மாறிய அவ்வாசகரின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். மேலும், நாம் விலை கொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிக்கும் உரிமையே தவிர, நூலன்று. வாங்குவோர்க்கு இதனைத் தெளிவாக அறிவித்தாக வேண்டுமென்னும் சட்டம் கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடப்பில் உள்ளது. அவ்வாண்டு பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. பூட்டிட்ட நூல்களை அந்தந்தக் கடையின் கணக்கிலேயே புதிய கருவியிலும் நுழைந்து பெறுவதே நேரிய வழி. பூட்டுடைக்கும் வழிகளை இப்பக்கத்தில் கூறோம்.

தமையனாரிடம் பூட்டிட்ட நூல்கள் குறைவு. அவை ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை உரிமைக் காலம் கடந்த பழந்தமிழ் நூல்கள். கம்பி வழியே கணினியினின்று ஏற்றப்பட்டவை. இங்கேதான் இடர் மிகுதி. கடையில் வாங்கிய நூலின் கோடுகளைக் கடையே தன் கணக்கில் படியெடுத்து வைப்பதுண்டு. நாமே ஏற்றிய நூலின் கோடுகளோ பெரும்பாலும் அக்கருவியில் மட்டுமே வாழ்கின்றன.

ஆதலின் முதல் வேலையாக, ரப்பர் வளையத்தின் உதவியோடு பழைய கருவியைக் கணினியில் இணைத்து, அதிலுள்ள அனைத்தையும் அப்படியே படியெடுத்தோம். தேர்ந்தெடுத்து எடுக்கவில்லை, எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்நேரத்தில் தெரியாது. கிண்டிலில் கோடுகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்னும் பெயருடைய எளிய உரைக்கோப்பில் சேர்ந்திருக்கும். கோபோவில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோப்புறையின் தரவுத்தளத்தில் இருக்கும். நம் கருவியிலும் அத்தகைய கோப்பொன்று அகப்பட்டது. நூல்களை ஒழுங்குபடுத்தக் 'காலிபர்' என்னும் மென்பொருள் உதவிற்று. இந்தியரான கோவித் கோயல் 2006இல் தம் சோனி கருவிக்காக எழுதத் தொடங்கிய இது, இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆசிரியர் பெயர் ஒரு நூலில் முன்னெழுத்தோடும் மற்றொன்றில் முன்னெழுத்தின்றியும் இருந்தமையால் ஒருவரே மூவராகக் காட்சியளித்தார். அதைத் திருத்தவே நான்கு மாலைகள் சென்றன.

தமையனாரின் கணினியில் 20 ஆண்டுகளாகக் கிடந்த சில கோப்புகளையும் இவற்றோடு சேர்க்க முயன்றோம். திரையில் தமிழுக்கு மாறாக ஐரோப்பிய எழுத்துகளின் சிதறலே தோன்றிற்று. அவை திஸ்கி என்னும் பழைய குறியீட்டில் இருந்தவை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக் கால நூல்களும் அக்குறியீட்டிலேயே வந்தன. பின்னரே ஒருங்குறிக்கு மாறின. திஸ்கியில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் பதிவாகும்; ஒருங்குறியில் ககரம் முந்தும். மாற்றும் மென்பொருளில் இட்டெடுத்தபின் கொம்பும் காலும் தத்தம் இடம் சேர்ந்தன.

கோடுகள் புதிய கருவியில் தாமாக ஏறவில்லை. அதை ஒப்புக்கொள்கிறோம். கோப்பை நூல்வாரியாகப் பிரித்து, பெரிய எழுத்தில் அச்சிட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கட்டடம் செய்து கொடுத்தோம். பூட்டிட்ட நூல்கள் சிலவற்றில் படியெடுக்கும் அளவுக்குப் பதிப்பாளர் வரம்பிட்டிருந்தமையால், பாதிக்கு மேல் வரிகள் இல்லை. "ஆம்!", "இல்லவே இல்லை" என்னும் குறிப்புகள் பல, எதற்கு ஆம், எதற்கு இல்லை என்றறியப் பழைய கருவியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. மிச்சிகன் மாணவரை அப்போது நினைத்துக்கொண்டோம்.

பிரதாப முதலியார் பகுதியில் ஒரு நகைச்சுவை வரியின்கீழ், "இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்" என்றொரு குறிப்பு, தேதி 2019. அண்ணியார் மறைந்தது 2021இல். படித்துக் காட்டினாரா என்று நாம் கேட்கவில்லை. அவர் அப்பக்கத்தில் சற்று நேரம் நின்று, அடுத்த பக்கத்திற்குச் சென்றார்.

இப்போது நாள்தோறும் காலைச் சிற்றுண்டிக்குப் பின், கட்டடம் செய்த தாள்களை இடப்புறமும் புதிய கருவியை வலப்புறமும் வைத்துக்கொண்டு, அவரே விரலால் கோடுகளை மீண்டும் இடுகிறார். பேரன் உதவ முன்வந்தால், "நீ போட்டால் அது உன் கோடு" என்கிறார். எல்லாவற்றையும் அவர் மீண்டும் இடுவதில்லை. "இதற்கு ஏன் கோடு போட்டேன் தம்பி?" என்று நம்மையே கேட்டுவிட்டு, சிலவற்றை விட்டுவிடுகிறார், முன்பு விட்ட சில வரிகளுக்குப் புதிதாக இடுகிறார். பழைய கருவி அலமாரியில் இருக்கிறது. மின்கலம் முற்றிலும் வறண்டு கெட்டுவிடாதிருக்க, மாதம் ஒருமுறை ரப்பர் வளையத்தோடு மின்னேற்றும் பொறுப்பு பேரனுக்கு. சென்ற ஞாயிறு மாலை நாம் சென்றிருந்தபோது ஒன்பதாம் அதிகாரம் முடிந்திருந்தது.