கர்ப்பப்பையை எடுத்துடுங்கன்னு சொல்ல நாம யாரு?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் வெச்சிருக்கிறவங்க முழுசா படிக்கணும். பையன் வெச்சிருக்கிறவங்க ரெண்டு தடவை படிக்கணும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இந்தப் பேரைச் சொன்னாலே நம்ம ஆளுங்க குரலைத் தாழ்த்திக்கிறாங்க. அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போது மத்த எல்லா வியாதியையும் சத்தமா பேசுவோம். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் ஊருக்கே தெரியும். இது மட்டும் காதோட காதா. அப்படிக் காதோட காதா பேசுற பேச்சுல மூணு பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை. அதைப் பத்தித்தான் எழுதுறேன்.

முதல் பேச்சு: "அவ நடத்தை எப்படியோ, அதான் வந்திருக்கு."

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். தாம்பத்திய உறவுல பரவுது. ஒரே ஒரு புருஷனோட வாழ்ந்த பொண்ணுக்கும் வரும், ஏன்னா அந்தப் புருஷன் கிட்டேருந்தே வரலாம். வாழ்க்கையில பெரும்பாலானவங்களுக்கு இந்த வைரஸ் எப்பவாவது ஒட்டும், உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல விரட்டிடும். சிலருக்குப் போகாம உள்ளேயே தங்கி, பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா மாறுது. இதுல நடத்தை எங்க வந்துச்சு? ஆம்பளையைப் பார்த்து இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கறதில்லையே?

இரண்டாவது பேச்சு: "தோஷம். பரிகாரம் பண்ணிட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்."

அர்ச்சனை பண்ணுங்க, விளக்கு போடுங்க, நான் வேணாம்னு சொல்லலை. வெள்ளி, செவ்வாய்ல கோயில்ல நிக்கிறவன்தான் நானும். ஆனா "அப்புறம்"ங்கிற வார்த்தை இருக்கே, அதுதான் ஆபத்து. ஃபேக்டரியில மெஷின் சத்தம் மாறுனா அன்னைக்கே நிறுத்திப் பார்த்தா ஒரு பேரிங் மாத்துறதோட முடியும். அடுத்த மாசம்னு தள்ளுனா மொத்த ஷாஃப்டும் போகும். ஆரம்பத்துல கண்டுபிடிச்சா கர்ப்பப்பையைக் காப்பாத்தலாம். தள்ளிப் போட்டா அந்த வழி அடைஞ்சிடும்.

மூணாவது பேச்சுதான் ரொம்ப மோசம், ஏன்னா அது அன்பு மாதிரியே வரும்: "உயிர்தான் முக்கியம், எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க. குழந்தை என்ன பெரிய குழந்தை!"

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, 28 வயசு, கல்யாணம் ஆகலை. ஆரம்ப நிலைன்னு சொன்னாங்க. அப்பா, பெரியப்பா, மாமா மூணு பேரும் ஹால்ல உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டாங்க. பொண்ணு ரூம்ல இருக்கு. கையெழுத்து அது போட்டுச்சு, முடிவு எடுத்தது இவங்க. வேற வழி இருக்கான்னு இவங்களும் கேக்கலை, ஆஸ்பத்திரியிலயும் யாரும் உக்கார வெச்சு விளக்கலை. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், அது முக்கியமில்லை. ஆறு மாசம் கழிச்சு அதுவே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட கேட்டுச்சு: "சித்தப்பா, வேற ஆபரேஷன் எனக்கு ஒத்து வந்திருக்குமோ வராதோ, அது வேற விஷயம். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

இதுக்கு என்ன பதில் சொல்றது, சொல்லுங்க.

வேற வழி என்னன்னு சுருக்கமா சொல்றேன். நான் டாக்டர் இல்லை, ஆனா இதெல்லாம் ஒளிவு மறைவான விஷயமும் இல்லை.

புற்றுநோயா மாறுறதுக்கு முன்னாடி நிலையிலயோ, ரொம்ப ஆரம்பத்திலயோ இருந்தா, வாய்ப் பகுதியில கூம்பு மாதிரி ஒரு துண்டை மட்டும் எடுத்தே பலருக்கு சரி பண்ணிடறாங்க. அதைவிடக் கொஞ்சம் பெருசு, சாதாரணமா 2 சென்டிமீட்டருக்குள்ள, பரவாம இருந்தா, கர்ப்பப்பை வாயை மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பையை விட்டுவைக்கிற ஆபரேஷன் இருக்கு. டிரக்கலெக்டமின்னு பேரு. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துல டார்ஜான்னு ஒரு டாக்டர் 1987லேயே ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் உலகம் முழுக்க எத்தனையோ பெண்கள் தாயாகியிருக்காங்க. குழந்தையை சிசேரியன்லதான் எடுக்கணும், குறைமாசத்துல பிறக்கிற ஆபத்தும் கூடுதல். அதையும் மறைக்காம சொல்லணும்.

ரேடியேஷன் தேவைப்படுற நிலைன்னா கதை வேற. சினைப்பையும் பாதிக்கும், கர்ப்பப்பையும் பெரும்பாலும் குழந்தையைத் தாங்காது. சினைப்பையை ரேடியேஷன் படாத இடத்துக்கு மேலே நகர்த்தி வெக்கலாம், அதனால சின்ன வயசுலேயே மாதவிடாய் நிக்கிறதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. சிகிச்சைக்கு முன்னாடி கருமுட்டையை எடுத்து உறைய வெக்கலாம், அதுக்கு சுமார் ரெண்டு வாரம் ஆகும். ஆனா வாடகைத் தாய் முறைக்கு சிங்கப்பூர்ல அனுமதி இல்லைங்கிறதையும் தெரிஞ்சுதான் முடிவெடுக்கணும். எல்லாருக்கும் எல்லா வழியும் கிடைக்காது. ஆனா கேக்கற உரிமை எல்லாருக்கும் உண்டு. அதுவும் சிகிச்சை தொடங்குறதுக்கு முன்னாடி கேக்கணும்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு முட்டை எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நம்ம சுகாதார அமைச்சே அப்படிக் கேக்கலையே! மருத்துவக் காரணம் இருந்தா முன்னாடியே அனுமதி இருந்துச்சு. 2023 ஜூலை 1லேருந்து 21 முதல் 37 வயசு வரைக்கும் மருத்துவக் காரணம் இல்லாமலேயே உறைய வெக்கலாம். பயன்படுத்துறதுதான் முறைப்படி கல்யாணம் ஆன பிறகு. இதுக்கு மேல என்ன கட்டுப்பாடு வேணும் நமக்கு?

தேக்காவுல இருக்கிற நமக்கு இதுல வெக்கமே இருக்கக்கூடாது. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி நம்ம கோயில்லேருந்து நடக்கிற தூரம். 1966ல ஒரே வருஷத்துல 39,835 குழந்தைங்க பிறந்து கின்னஸ்ல பேர் வாங்குன இடம். 1983ல சிங்கப்பூரோட முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும் அங்கேதான். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினது பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம், யாழ்ப்பாணத் தமிழர். நம்ம ஆளு உலகத்துக்கே வழி காட்டினாரு, நாம இன்னும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கோம்.

"கோயில் பக்கத்துல இதெல்லாம் பேசலாமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: சாமி இருக்கிற இடத்துக்கே கருவறைன்னுதானே பேரு? ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் போடுறோம். குழந்தை பிறந்து முப்பதாம் நாள் பெரியாச்சி முன்னாடி படைக்கிறோம். அப்புறம் என்ன?

நாம செய்யறதுக்கு வேலை இருக்கு. 25 முதல் 29 வயசு வரைக்கும் மூணு வருஷத்துக்கு ஒருமுறை பாப் பரிசோதனை, 30லேருந்து 69 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை. மானியம் கிடைக்கிற குடிமக்களுக்கு ஒரு தட்டு மட்டன் பிரியாணி காசுகூட ஆகாது. உயர்நிலை 1 மாணவிகளுக்கு 2019லேருந்து பள்ளியிலேயே தடுப்பூசி இலவசம். சம்மதப் படிவம் வந்தா "இந்த வயசுல எதுக்கு"ன்னு திருப்பி அனுப்பாதீங்க, இந்த வயசுலதான் போடணும். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல, நர்ஸுங்க வினிகர் தடவிப் பார்க்கிற சாதாரணப் பரிசோதனையிலேயே இந்த நோயால சாகிறவங்க 35 விழுக்காடு குறைஞ்சாங்கன்னு 2007ல ஆய்வு வந்துச்சு. கிராமத்துப் பெண்கள் வந்தாங்க. தேக்காவுல எம்.ஆர்.டி. ஏறத் தெரிஞ்ச நமக்கு என்ன?

நோய் வந்துட்ட பொண்ணு வீட்டுக்கு: டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேக்க விடுங்க. எந்த நிலை? கர்ப்பப்பையை வெச்சுக்க முடியுமா, அதுல உயிருக்கு எவ்வளவு ஆபத்து? சிகிச்சைக்கு முன்னாடி கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்க நேரம் இருக்கா? செலவைப் பத்தி மருத்துவச் சமூக ஊழியர்கிட்ட கேளுங்க. அந்தப் பொண்ணு "எனக்குக் குழந்தை வேணாம், எடுத்துடுங்க"ன்னு சொன்னா அதுவும் சரிதான். அது அவ வாயிலேருந்து வரணும், மாமா வாயிலேருந்து இல்லை.

கடைசியா ஒண்ணு. கர்ப்பப்பை இல்லாத பொண்ணை வளைகாப்புல ஓரமா உக்கார வெக்காதீங்க. சந்தனம் பூசறதுக்குக் கை போதும். நான் தொண்டூழியம் செய்யற இடத்துல யாராவது அப்படி ஒதுக்குனா, வயசு மரியாதை பார்க்காம கேட்டுடுவேன், சொல்லிட்டேன்.

மறுப்பு இருந்தா கீழே எழுதுங்க, பதில் சொல்றேன். இல்லைன்னா குடும்பக் குழுவுல பகிருங்க.

ஓம் சக்தி பராசக்தி.