ஒரே பெயர், இரண்டு அட்டைகள்

வணிகத்தில் பெயர் என்பது ஒரு வாக்குறுதி. கடைக்காரரிடம் ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கும் நுகர்வோர், அந்தப் பெயருக்குரிய பொருளே தமது கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையை ஒரு பெரிய நிறுவனம் எவ்வளவு ஓசையின்றிக் குலைத்துவிட முடியும் என்பதற்குக் கணினி உலகின் மிக எளிய பொருளொன்று சாட்சியாக நிற்கிறது. என்விடியா நிறுவனத்தின் ஜீ.ரி. 1030 என்ற மலிவு விலை வரைகலை அட்டையே அது. 'கிராபிக்ஸ் கார்ட்' என்று நாம் கடையில் கேட்டு வாங்குகின்ற பொருள்தான்.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த அட்டை சந்தைக்கு வந்தது. பெரிய சாதனைகளுக்காக அது தயாரிக்கப்படவில்லை. மின்சாரத்துக்கென்று தனியான இணைப்பு அதற்குத் தேவையில்லை. அது எடுத்துக்கொள்ளும் மின்வலு 30 வாற்று மட்டுமே. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினியொன்றை வாங்கி, அதில் இந்தச் சிறிய அட்டையைப் பொருத்தி, ஓரளவு விளையாட்டுகளையும் விளையாட விரும்பிய மாணவர்களுக்கு அது நல்லதொரு தெரிவாக இருந்தது. சோதித்துப் பார்த்தவர்களும் அதன் விலைக்கு அது பழுதில்லை என்றே எழுதினார்கள்.

மறு ஆண்டில், 2018இல், இன்னொரு ஜீ.ரி. 1030 சந்தைக்கு வந்தது. பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பெட்டியின் தோற்றமும் ஏறத்தாழ அதுவே. மாறியது உள்ளே இருந்த நினைவகம். முதலாவதில் இருந்தது வரைகலைக்கென்றே உருவாக்கப்பட்ட ஜீ.டீ.டீ.ஆர். 5 நினைவகம். இரண்டாவதில் இருந்தது சாதாரணக் கணினிகளில் பிரதான நினைவகமாகப் பயன்படுகின்ற டீ.டீ.ஆர். 4.

இவ்விரண்டு அட்டைகளின் விபரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதற்பார்வையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டிலும் 384 கணிப்பு அலகுகள். இரண்டிலும் 2 கிகாபைட் நினைவகம். இரண்டிலும் நினைவகத்துக்கான பாதையின் அகலம் 64 பிட். வேகத்தின் உச்சம் முதலாவதில் 1468 மெகாஹேர்ட்ஸ், இரண்டாவதில் 1379. ஆறு வீதம் குறைவு, அவ்வளவுதானே என்று வாங்குபவர் நினைக்கக்கூடும். அங்கேதான் அவர் ஏமாறுகிறார்.

64 பிட் என்பது 8 பைட். முதலாவது அட்டையின் நினைவகம் செக்கனுக்கு 600 கோடி தடவை தரவைக் கைமாற்றுகிறது. எட்டை ஆறால் பெருக்கினால் செக்கனுக்கு 48 கிகாபைட். இரண்டாவது அட்டை கைமாற்றுவது 210 கோடி தடவை. எட்டை 2.1ஆல் பெருக்கினால் 16.8 கிகாபைட். அதாவது, முதலாவதன் தரவுப் பாய்ச்சலில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். பெட்டியின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது '2 கிகாபைட்' என்பது. மூன்றில் ஒரு பங்கு என்ற செய்தியை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

பழைய அச்சகங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு அச்சகங்களில் ஒரே எண்ணிக்கையான அச்சுக்கோப்பாளர்கள், ஒரே கைவேகத்துடன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அச்சகத்தில் ஆசிரிய பீடத்திலிருந்து கையெழுத்துப் பிரதி இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது. மற்றதில் அவ்வாறு மூன்று தாள்கள் வரவேண்டிய நேரத்தில் ஒன்றுதான் வருகிறது. அச்சுக்கோப்பாளர் என்னதான் கெட்டிக்காரராக இருந்தாலும், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவது ஜீ.ரி. 1030இல் 384 பேர் காத்திருக்கிறார்கள்.

இது வெறும் கணக்கன்று. 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வன்பொருட்களைச் சோதிக்கும் அமெரிக்கத் தளமான கேமர்ஸ் நெக்சஸ் இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தது. பல விளையாட்டுகளில் இரண்டாவது அட்டை முதலாவதன் ஏறத்தாழ அரைவாசி வேகத்திலேயே இயங்கியது. ஒரே பெயரில் இதை விற்பதை அத்தளம் மிகக் கடுமையாகக் கண்டித்தது.

மறுபக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் நினைவகச் சில்லுகளின் விலை உயர்ந்திருந்தது. கடிதம் தட்டெழுதவும் திரைப்படம் பார்க்கவும் மட்டுமே கணினியைப் பாவிப்பவருக்கு இரண்டாவது அட்டை தாராளமாகப் போதும். அது எடுத்துக்கொள்ளும் மின்வலுவும் 20 வாற்றுதான். ஆகவே, அப்படியோர் அட்டையைத் தயாரித்தது குற்றமன்று. அதற்கு முன்னையதன் பெயரையே சூட்டியதுதான் குற்றம். 1030க்குக் கீழே எண்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஜீ.ரி. 1010 என்ற பெயரில் வேறோர் அட்டையை 2021இல் அந்நிறுவனமே வெளியிட்டது.

இதுவொன்றும் புதுமையான கைங்கரியமும் அன்று. 2014இல் வந்த ஜீ.ரி. 730 என்ற பெயரில் மூன்று வகையான அட்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் 96 கணிப்பு அலகுகள், மற்ற இரண்டில் 384. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யும் தூய்மையானதன்று. 2017இல் அதன் ஆர்.எக்ஸ். 560 அட்டை 1024 அலகுகளுடன் அறிமுகமாகி, பின்னர் 896 அலகுகளுடனும் அதே பெயரில் விற்கப்பட்டது. விடயம் வெளிவந்ததும் அவ்வருட டிசம்பரில் அந்நிறுவனம் குழப்பத்துக்கு மன்னிப்புக் கோரியது.

எம்மைச் சிந்திக்க வைப்பது 2022ஆம் ஆண்டின் சம்பவமாகும். அவ்வாண்டு செப்டெம்பரில் ஆர்.ரி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு அட்டைகளை என்விடியா அறிவித்தது. ஒன்று 1199 டொலர், மற்றது 899 டொலர். முதலாவதில் 9728 அலகுகள், இரண்டாவதில் 7680. விமர்சகர்களும் வாங்கவிருந்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே, பெயர் சரியாக அமையவில்லை என்று ஒப்புக்கொண்டு மலிவான அட்டையை நிறுவனம் விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் அது 4070 ரி.ஐ. என்ற வேறு பெயருடன், 100 டொலர் குறைந்த விலையில் வெளிவந்தது.

ஆயிரம் டொலர் செலவிடக் கூடியவர் குரல் எழுப்பினால் நான்கு வாரத்தில் பெயர் மாறுகிறது. எழுபது, எண்பது டொலரைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குபவருக்கு அந்த நீதி கிடைக்கவில்லை. ஜீ.ரி. 1030இன் பெயர் கடைசிவரை மாறவேயில்லை. விபரங்களைத் துருவிப் பார்க்கும் பழக்கமும் வசதியும் யாருக்குக் குறைவோ, அவருக்குரிய பொருளில்தான் விபரம் மறைக்கப்படுகிறது. இந்த விவகாரத்தின் அநீதி இதுவே.

இன்று இந்த அட்டைகளுக்கு வயதாகிவிட்டது. புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் இந்தத் தலைமுறைக்கு 2025 ஒக்டோபருடன் நிறுத்தப்பட்டு, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழங்கப்படும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆனால் பாவித்த பொருட்களின் சந்தையில் அவை தொடர்ந்து கைமாறும். பெட்டியும் இராது, பற்றுச்சீட்டும் இராது. வாங்குபவர் விற்பவரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்கட்டும்: நினைவகம் எந்த வகை? இலவசமாகக் கிடைக்கும் ஜீ.பி.யூ.-இஸட் என்ற மென்பொருளை இயக்கினால், நினைவகத்தின் வகையையும் தரவுப் பாய்ச்சலையும் அது காட்டிவிடும். அங்கே 48 என்று இருந்தால் பெயருக்குரிய பொருள். 16.8 என்று இருந்தால், அதற்கேற்ற விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வாங்குபவர் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது அவரது அறியாமையைக் காட்டவில்லை. பெட்டியில் ஒரு வரியை நேர்மையாக அச்சிட மனமில்லாத விற்பனையாளரின் இயல்பையே காட்டுகிறது.