தேநீர் வட்டத்துக்கு வெளியே

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போன பிள்ளை ஒருவர், இப்போது உடற்கூறியல் துறையில் ஆய்வு மாணவராக இருக்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்தவர் நம்மைப் பார்க்க வந்தார். ஆட்டுக் கருவில் இரைப்பை எப்படி உருவாகி வளர்கிறது என்பது அவருடைய ஆய்வு. மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்ததைத் துறை மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்தபோது, ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. உடன் படிப்பவர்கள் எல்லோரும் அனுப்பியிருந்தார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறார். "சனிக்கிழமை பேசிக்கொண்டோமே" என்று பதில் வந்திருக்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் மூத்த ஆய்வாளர் ஒருவரின் அறையில் இளைய ஆய்வாளர்கள் கூடுவார்களாம். தேநீர், அரட்டை, அதற்கிடையே ஆய்வுப் பேச்சு. வராதே என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஒருமுறை போயிருக்கிறார். "தருமபுரியில் எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, காலனியா?" என்று ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் எங்கே கூடுகிறார்கள் என்ற தகவல் இவருக்கு வரவில்லை. அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்.

ஒரு தேநீர்ச் சந்திப்புக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆய்வுலகம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்க மாட்டார்கள். கால்நடை உடற்கூறியலுக்கு அகில இந்திய அளவில் சங்கம் இருக்கிறது, ஆய்விதழ் இருக்கிறது, மாநாடுகள் நடக்கின்றன. இவையெல்லாம் முன்வாசல். உள்ளே போகும் வழி பேச்சில்தான் கிடைக்கிறது. எந்த ஆட்டுத்தொட்டியில் யாரைக் கேட்டால் மாதிரி கிடைக்கும், மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோமில் சீவும்போது கிழிந்தால் என்ன செய்வது, எந்த இதழ் சீக்கிரம் பதில் சொல்லும், எந்தத் திட்டத்தில் உதவியாளர் இடம் காலியாகப் போகிறது என்பதையெல்லாம் எந்தப் பாடநூலும் சொல்லாது. தகப்பனோ மாமனோ பேராசிரியராக இருக்கும் பிள்ளைக்கு இது வீட்டிலேயே கிடைக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அந்தச் சனிக்கிழமை அறையை விட்டால் வேறு இடம் இல்லை.

இட ஒதுக்கீடு நம்மைக் கல்லூரிக்குள் கொண்டு சேர்த்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த உரிமைகள் போராடிப் பெற்றவை. ஆனால் எந்த அரசாணையும் எட்டாத இடம் அந்த அறை.

இந்தத் துறையில் இப்படி நடப்பதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கியதும், தோலை உரித்ததும், கவலை இறைக்கத் தோல்பறி தைத்ததும் நம் மக்கள்மேல் சுமத்தப்பட்ட வேலைகள். எந்த மூட்டில் கத்தி வைத்தால் கால் பிரியும், தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தி எப்படி ஓட வேண்டும் என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்குக் கிடைத்த பெயர் தீட்டு. 1927-இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுங்கள் என்றார் அண்ணல் அம்பேத்கர். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இனி நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள் என்று செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள் அங்குள்ள தலித் மக்கள்.

ஊருக்கு வெளியே தீட்டாக இருக்கும் அதே உடல், கல்லூரியின் அறுவைக் கூடத்துக்குள் ஃபார்மலின் வாடையோடு படுத்திருக்கும்போது அறிவியலாகிவிடுகிறது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுத்துப் பார்த்த மதுசூதன குப்தாவை, சாதிக் கட்டை மீறிய துணிச்சல்காரர் என்று வரலாறு இன்றும் போற்றுகிறது. போற்றட்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தின் பேரில் அதைத் தொட்டவர்களின் பேரப்பிள்ளை இன்று விரும்பிப் படிக்க வந்தால், எந்தத் தெரு என்று கேட்பது என்ன நியாயம்?

குலத்தொழில் என்பதால் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவே சாதியம். எந்தத் துறையை விரும்பி எடுத்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

நண்பர்கள் கூடிப் பேசுவது தனிப்பட்ட விஷயம், அதில் தலையிட முடியுமா என்று சிலர் வாதிடுவார்கள். தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்தவர்களும் அது தங்கள் சொந்தக் கடை என்றுதான் சொன்னார்கள். யார் யாரோடு நட்பாக இருப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் மாநாட்டுத் தேதியும் வேலைவாய்ப்புத் தகவலும் பங்கிடப்படும் இடம் தனிப்பட்ட இடமாக இருக்க முடியாது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதி, உணவுக்கூடம், விளையாட்டு வரை ஒதுக்கல் நீள்வதை 2007-இலேயே எழுதிக் காட்டியது. வகுப்புக்கு வெளியே நடப்பதும் கல்விதான்.

அப்படியானால் நமக்கென்று தனி வட்டம் வைத்துக்கொள்ளலாமே என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் பறிக்கப்பட்டு, நாடே கேள்வி கேட்ட பிறகு ஜூனில் திரும்பக் கிடைத்தது. கூடிப் பேசுவதற்கு எவ்வளவு பலம் என்பதை அன்று பார்த்தோம். ஆனால் உடற்கூறியல் போன்ற சிறு துறையில் நம் பிள்ளைகள் ஒரு கல்லூரிக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் மட்டும் கூடினால் ஆறுதல் கிடைக்கும், தகவல் கிடைக்காது.

நாம் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். இளைய ஆய்வாளர் சந்திப்பை மாதம் ஒருமுறை, பகல் நேரத்தில், துறை வளாகத்திலேயே நடத்துங்கள். நாளையும் இடத்தையும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விடாமல் சேருங்கள். வருபவரிடம் ஆய்வைப் பற்றிக் கேளுங்கள், தெருவைப் பற்றிக் கேட்காதீர்கள். நாமக்கல்லிலும் சேலம் மாவட்டம் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டும் நமக்குப் பேருந்துத் தொலைவுதான். மாறி மாறி நடத்தி, வெளியூர் மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, நம் மண்ணின் ஆலம்பாடி மாட்டுக்காக ஆராய்ச்சி மையம் இருக்கும் காரிமங்கலம் பக்கமும் வரட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அன்று அழைத்துவந்து பின்வரிசையில் உட்கார வைப்போம். ஆய்வு என்றால் என்னவென்று அவர்களும் பார்க்கட்டும்.

நம்மிடம் வந்த இளைஞரைப் பேருந்து ஏற்றிவிடும்போது, என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டோம். சலுகை எதுவும் வேண்டாம் என்றார். "அடுத்த மாநாட்டின் தேதியை மற்றவர்களுக்குச் சொல்லும்போதே எனக்கும் சொன்னால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்" என்றார். பேராசிரியர்களே, இதற்கு எந்த அரசாணைக்காகக் காத்திருக்கிறீர்கள்?