ஃபிளாஷைத் தலையை விட்டு இறக்குங்க சாமி!

எங்க அந்தியூர்ப் பக்கம் கல்யாண வீடுகள்ல ஒரு விசயம் மட்டும் மாறவே மாட்டேங்குதுங்க. ஃபிலிம் ரோல் போயி டிஜிட்டல் வந்தாச்சு. எஸ்.எல்.ஆர். போயி மிரர்லெஸ் வந்தாச்சு. மண்டபத்துக்கு மேல ட்ரோன் பறக்குது. ஆனா ஃபிளாஷ் மட்டும் இன்னும் நிறைய பேரோட கேமரா தலை மேலயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. மூஞ்சிக்கு நேரா ஒரு பளிச்! மாப்பிள்ளை வெள்ளை, பொண்ணு வெள்ளை, பின்னாடி நிக்கிற பெரியப்பா வெறும் நிழல்.

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. ஃபிளாஷைக் கேமராவுல இருந்து கழட்டுங்க. பக்கவாட்டுல ஒரு ஸ்டாண்டுல ஏத்துங்க. ரேடியோ ட்ரிக்கர் மாட்டி அடிங்க. "முடியாது"ன்னு சொல்றதுக்கு இனி ஒரு சாக்கும் பாக்கி இல்லை.

ஏன் பக்கவாட்டுல? ஆடி மாசம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு வந்து பாருங்க. உச்சி வெயில்ல ஒரு கருங்குதிரை வெறும் கருப்பாத்தான் தெரியும். அதே குதிரை மேல சாயங்கால வெயில் சாய்வா விழட்டும், கழுத்து நரம்புல இருந்து தொடைச் சதை வரைக்கும் எண்ணிச் சொல்லலாம். (அதுக்காகக் குதிரை கண்ணுல போய் ஃபிளாஷ் அடிச்சுடாதீங்க. மிரண்டு உதைச்சா நான் பொறுப்பில்லை!) நம்ம முகமும் அப்படித்தான். கருத்த தோலோட அழகு அது மேல ஓடுற மினுமினுப்புல இருக்கு. வெளிச்சம் சாய்வா வந்தாத்தான் அந்த மினுப்பு கன்னத்தையும் மூக்கையும் தாடையையும் செதுக்கிக் காட்டும். நேரா அடிச்சா எல்லாம் தட்டை. அப்புறம் அதையே கம்ப்யூட்டர்ல போட்டு இன்னும் வெளுத்து, "கலர் ஏத்திட்டோம்"னு ஒரு பெருமை வேற!

அடுத்தது கணக்கு. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். மேடையில குரூப் போட்டோ எடுக்கறீங்க. முன் வரிசை ஃபிளாஷுக்கு 2 மீட்டர்ல, பின் வரிசை 4 மீட்டர்ல. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கால் பங்குதான் கிடைக்கும். அதே ஃபிளாஷைத் தள்ளி, உயரமா, முன் வரிசைக்கு 6 மீட்டர்ல வச்சா பின் வரிசை 8 மீட்டர். இப்போ அவங்களுக்குப் பாதிக்கு மேலயே கிடைக்குது. பெரியப்பா பொழைச்சுக்குவாரு.

சரி, தள்ளி வச்சா எப்படி அடிக்க வைக்கிறது? முன்னாடி ஒயர் இருந்துச்சு. கல்யாண மண்டபத்துல ஒயர் இழுத்துவிட்டா பந்திக்கு ஓடுற பசங்க நாலு பேரு தடுக்கி விழுவாங்க. அப்புறம் இன்னொரு ஃபிளாஷோட வெளிச்சத்தைப் பார்த்துத் தானா வெடிக்கிற ஸ்லேவ். அதுக்கு முதலாளி யாருன்னே தெரியாது. மாமா தன்னோட கேமராவுல அடிச்சாலும் வெடிக்கும். அகச்சிவப்புக் கதிரை நம்பினா நடுவுல ஒருத்தர் வந்து நின்னாப் போச்சு. நம்ம ஊர் கல்யாணத்துல நடுவுல யாரும் நிக்காம இருப்பாங்களா?

ரேடியோவுக்கு இந்தத் தொல்லை ஒண்ணும் கிடையாது. தூணுக்குப் பின்னால ஃபிளாஷ் இருந்தாலும் வேலை செய்யும். பெரிய கம்பெனிகள் இதைக் கண்டுக்க ரொம்ப நாளாச்சு. கேனான் தன் ஃபிளாஷுக்குள்ளயே ரேடியோ வச்சது 2012ல, நிக்கான் 2016ல. ஆனா அதுக்கு முன்னாடியே யோங்நுவோ மாதிரி சீனக் கம்பெனிகள் மலிவான ட்ரிக்கரை இறக்கிட்டாங்க. அமெரிக்காவுல பத்திரிகை போட்டோகிராபர் டேவிட் ஹாபி 2006லயே 'ஸ்ட்ரோபிஸ்ட்'னு ஆரம்பிச்சு, சின்ன ஃபிளாஷைக் கழட்டி வச்சு எடுக்கிற வித்தையை உலகத்துக்கே இலவசமா சொல்லிக் குடுத்தாரு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல குறைஞ்ச சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு நம்ம மத்திய அரசும் 2005லயே விதி போட்டாச்சு. வேற என்னதாங்க வேணும்?

சாக்குகளையும் ஒரு கை பாத்துடுவோம்.

"மேல் கூரையில அடிச்சுத் திருப்பிக்குவோம்." வீட்டுக்குள்ள சரி. மண்டபத்துக் கூரை எங்கியோ ஆகாசத்துல இருக்கு. இல்லைன்னா பச்சை, ரோஸ்னு துணி கட்டியிருப்பாங்க. முகமும் பச்சையாத்தான் வரும்.

"இப்போ கேமராவே இருட்டுல எடுக்கும்." எடுக்கும். ஆனா அது வெளிச்சத்தை அதிகமா காட்டுமே தவிர, வெளிச்சம் வர்ற திசையை மாத்தாது. உச்சந்தலைக்கு மேல எல்.இ.டி. எரிஞ்சா கண்குழி ரெண்டும் கருப்பாத்தான் இருக்கும்.

"சீர் நடக்கறப்போ ஸ்டாண்டைத் தூக்கிட்டுச் சுத்த முடியுமா?" சுத்தவே வேண்டாம். இணைச்சீரோ தாலி கட்டறதோ, எல்லாம் மேடையிலதான். அருமைக்காரர் நிக்கிற இடத்துக்கு எதிர்மூலையில ஒரு ஸ்டாண்டு வச்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. வீடியோவுக்கு லைட் புடிக்க ஏற்கனவே ஒரு பையன் இருக்கானே, அவன் கையில ஒரு மோனோபாட் குடுத்தா மீதியும் முடிஞ்சுது.

"செலவு?" பி.காம். படிக்கிறவன்கிட்ட இதைச் சொல்லாதீங்க. ட்ரிக்கரோட விலையை ஒரு சீசன் கல்யாணங்களுக்குப் பிரிச்சுப் பாருங்க. தேய்மானக் கணக்குல எழுதக்கூட வெக்கமா இருக்கும். அலமாரியில தூங்குற பழைய ஃபிளாஷே போதும், மேனுவல்ல வச்சு அடிக்கலாம். (ரொம்பப் பழசா இருந்தா மட்டும் அது தாங்குமான்னு பாத்துக்குங்க. பழைய விவிட்டார் 283 சிலதுல ட்ரிக்கர் வோல்டேஜ் 200ஐத் தாண்டும்.)

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, காரணம் இருக்குங்க. நம்ம வீடுகள்ல பெரியவங்க யாரும் தனியா ஸ்டுடியோவுக்குப் போயி போட்டோ எடுத்துக்கறதில்லை. அவங்க போனதுக்கு அப்புறம் சுவத்துல மாலை போட்டு மாட்டற படம், பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டி எடுத்துப் பெருசு பண்ணினதுதான். எங்க அம்மிச்சி படமும் அப்படித்தான். மாமன் கல்யாணத்துல எடுத்தது. அம்மிச்சி நல்ல கருப்பு. படத்துல வெள்ளையா ஒரு கிழவி இருக்காங்க. நெத்திச் சுருக்கம் இல்லை, கன்னக்குழி இல்லை. மூக்குத்தி இருந்த இடத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. எங்க சித்தி அந்தப் படத்தைப் பாத்து, "அம்மா மாதிரியே இல்லையே"ன்னு இன்னிக்கும் சொல்லுது. திருப்பி எடுக்க முடியுமாங்க?

அதனால போட்டோகிராபர் அண்ணன்மாரே, நீங்க எடுக்கறது வெறும் ஆல்பம் இல்லை. அட்வான்ஸ் குடுக்கப் போற மக்களே, ட்ரோன் இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி, "ஃபிளாஷைத் தள்ளி வச்சு எடுப்பீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது கல்யாணத்துல ஸ்டாண்டு தானா வந்து நிக்கும்.

டிஸ்கி: பொண்ணு வீட்டு போட்டோகிராபரும் மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபரும் ஒரே கம்பெனி ட்ரிக்கரை ஒரே சேனல்ல வச்சா, இவர் அழுத்த அவர் ஃபிளாஷ் வெடிக்கும். சம்பந்திச் சண்டை ஆயிடும். முகூர்த்தத்துக்கு முன்னாடியே ஆளுக்கொரு சேனல் பேசிக்குங்க :-)