ஹைப்ரிட் கார் புக் பண்றதுக்கு முன்னாடி, அது ஸ்டார்ட் ஆகிற முதல் 5 நிமிஷத்தைப் பாருங்க

ஹைப்ரிட் கார் வாங்கலாமான்னு கேட்கிற எல்லாரும் முதல்ல பேசுறது மைலேஜ் பத்திதான். விளம்பரத்துல 27.97 கி.மீ-ன்னு பார்த்ததும் மனசுல கணக்கு ஓட ஆரம்பிச்சிடுது. என் கருத்து வேற. அந்த எண்ணைவிட, காலையில கார் ஸ்டார்ட் ஆகிற விதம்தான் உங்க பணத்தைப் பத்தி அதிகமா சொல்லும்.

பட்டனை அழுத்தினா என்ன நடக்குது?

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா மாதிரி கார்களோட ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகையை எடுத்துக்குவோம். பிரேக்கை மிதிச்சு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் இன்ஜின் சத்தமே வராது. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரியும். அவ்வளவுதான், கார் கிளம்பத் தயார்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாகவே ஓட ஆரம்பிக்கும், அதுவும் கொஞ்சம் வேகமா. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போது இது ஏன் பெட்ரோல் குடிக்குதுன்னு பல பேர் பதறிடுறாங்க. இது கோளாறு இல்லைங்க. இன்ஜினும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடானால்தான் சரியா வேலை செய்யும். அதுக்காகத்தான் இந்த ஓட்டம். சூடேறின பிறகு சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைஞ்சிடும். ஆனா ஏசி ஓடும், ஏன்னா அதோட கம்ப்ரஸர் மின்சாரத்தில் இயங்குது.

இதுல பணம் எங்க வருது?

சூடேறுகிற அந்த நிமிஷங்களில் ஹைப்ரிட்டோட முழு லாபம் உங்களுக்குக் கிடைக்காது. ஆபீஸ் 3 கி.மீ தூரத்தில் இருந்தால், இன்ஜின் சூடாகி முடியும்போது நீங்க பார்க்கிங்கில் இருப்பீங்க. தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்குக் கதையே வேற. அவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும், நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் மிச்சம்.

ஒரு கணக்கு போடுவோம். எல்லாம் உதாரண எண்கள்தான், உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. அதே காரின் சாதாரண வகையைவிட ஹைப்ரிட் விலை ₹3 லட்சம் அதிகம், பெட்ரோல் லிட்டர் ₹100.

முதல் நபர் வருஷம் 12,000 கி.மீ ஓட்டுகிறார். நிஜ ரோட்டில் சாதாரண கார் 13, ஹைப்ரிட் 20 கொடுக்குதுன்னு வைங்க. வருஷத்துக்கு மிச்சம் சுமார் 323 லிட்டர், ₹32,300. போட்ட ₹3 லட்சம் திரும்ப 9 வருஷத்துக்கு மேல ஆகும். இந்தக் கார்களில் ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ, எது முதலில் வருதோ அது.

இரண்டாவது நபர் வருஷம் 6,000 கி.மீ, எல்லாமே குட்டிப் பயணம். மைலேஜ் 11-க்கு எதிரா 14. மிச்சம் ₹11,700 தான். பணம் திரும்ப 25 வருஷம்!

வருஷம் 24,000 கி.மீ நெரிசலில் ஓட்டுகிறவருக்கு, முதல் நபரோட மைலேஜே கிடைச்சா, நாலரை, ஐந்து வருஷத்தில் திரும்பிடும். அவர் தாராளமா வாங்கலாம்.

அந்த ₹3 லட்சத்தையும் லோனில் போட்டால்? 9% வட்டி, 5 வருஷம்: இ.எம்.ஐ சுமார் ₹6,230. முதல் நபருக்கு மாசம் பெட்ரோலில் மிச்சம் ₹2,700. மீதி உங்க எஸ்.ஐ.பி-யிலிருந்துதான் போகும். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற காரின் லோன் வட்டிக்கு, சம்பளக்காரர்களுக்கு வரிச்சலுகையும் கிடையாது.

டெஸ்ட் டிரைவில் இதைச் செய்யுங்க

ஷோரூம்காரங்க ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கின காரைக் கொடுப்பாங்க. காலையில முதல் ஆளா போங்க, ஆறின காரைக் கேளுங்க. உங்க ஆபீஸ் தூரத்துக்கு ஓட்டிப் பார்த்து, திரையில் காட்டுகிற மைலேஜைக் குறிச்சுக்கோங்க.

'ஹைப்ரிட்'னு பேட்ஜ் இருந்தாலே ஏமாந்துடாதீங்க. பட்டனை அழுத்தினதும் எப்பவும் இன்ஜின் உறுமினால், மின்சாரத்தில் மட்டும் கார் நகரவே இல்லைன்னா, அது பெரும்பாலும் மைல்ட் ஹைப்ரிட். அதுக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் மைலேஜை எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கின பிறகு இரண்டு விஷயம். பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிட்டா 'ரெடி' விளக்கு வராது. வாரக்கணக்கில் காரை நிறுத்தி வைக்கிறவங்க இதை மறக்காதீங்க. அடுத்து, சத்தம் இல்லைன்னு காரை அணைக்காமல் மூடின ஷெட்டில் விட்டுட்டுப் போகாதீங்க. இன்ஜின் எப்போ வேணும்னாலும் தானா ஓடும், அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

ஹைப்ரிட் நல்ல தொழில்நுட்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அது நீளமான, நெரிசலான பயணத்துக்கான தொழில்நுட்பம். முதல்ல ஒரு மாசம் நீங்க நிஜமா ஓட்டுகிற தூரத்தை எழுதி வைங்க. அந்தத் தாளைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கட்டுங்க.