மூட்டையில் அச்சடித்த எண்

என் மைத்துனர் மகன் திருநள்ளாறு பக்கம் குளம் வெட்டி கட்லா, ரோகு வளர்க்கிறான். சென்ற ஆண்டு என்னிடம், "மாமா, இனிமேல் 40 சதவீதப் புரதத் தீவனம்தான். மீன் சீக்கிரம் எடை போடுமாம்" என்றான். தீவனம் விற்றவர் சொன்னது. அறுவடையில் எடை முன்போலவே இருந்தது. தீவனச் செலவுதான் ஏறியிருந்தது. நடுவே சில நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்துப் பையன் பயந்தே போனான்.

அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். செலவழிக்க வழியில்லாத துறைக்கு எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் சாலை நீளாது. மீனும் அப்படித்தான். ஓரளவு வரை புரதம் கூடக் கூட வளர்ச்சியும் கூடும். அதற்கு மேல் தின்றதை மீன் உடம்பில் எரித்துவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கிச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. அந்தச் சத்தில் பாசி பெருகி, இரவில் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

நைட்ரஜனைப் பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் 'அஸோத்' என்று படித்தோம். உயிரற்றது என்று பொருள். ஆனால் புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் அதுதான். தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கித்தான் மூட்டையில் புரத அளவை அச்சடிக்கிறார்கள். அதில் எவ்வளவு செரிக்கும் என்று அந்த எண் சொல்லாது.

கொடுவா இரை பிடித்துத் தின்னும் மீன். அதற்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் வேண்டும். கட்லா, ரோகுவுக்குக் குஞ்சுப் பருவத்தில் சற்றுக் கூடுதலாகவும், வளர்ந்தபின் 25 முதல் 30 சதவீதமும் போதும். குளத்தில் தானாக விளையும் நுண்ணுயிர்களிலும் புரதம் உண்டு. அந்தத் துணையோடுதான் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் இத்தனை காலம் மீன் வளர்த்தன.

தீவனத்தில் விலை கூடிய சரக்கு புரதம்தான். அதில் ஒரு பங்கு, மத்தி போன்ற சிறு மீன்களை உலர்த்தி அரைத்த தூள். ஏழை வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய மீன் அம்மோனியாவாகிக் குளத்தில் கரைவது எனக்குப் பொறுக்கவில்லை.

எந்த மீனுக்கு, எந்த வயதில் என்பதையும் மூட்டையில் புரத எண்ணுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்லிச் சட்டம் வரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை வாங்குகிறவர்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். பையன் இந்த ஆண்டு 28 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறான். அறுவடைக் கணக்கைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.